பியானோவில் யார் அழுத்தினாலும் ஒரே ஒலிதானே? அப்புறம் ரிக்டரிடம் என்ன விசேஷம்?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சாரம் இது: "வயலினில் விரல் நகர்ந்தால் சுரம் மாறும், புல்லாங்குழலில் மூச்சு மாறினால் நாதம் மாறும். பியானோ அப்படியில்லை, அது ஓர் எந்திரம். கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் கம்பியை அடிக்கிறது, அவ்வளவுதான். வாசிப்பதும் வேறொருவர் எழுதி வைத்ததை. பிறகு சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரை மேதை என்று கொண்டாடுவது எதற்கு? வேகத்துக்கு என்றால் கம்ப்யூட்டர் இன்னும் வேகமாக வாசித்துவிடுமே?" தொனியில் கொஞ்சம் கிண்டல் இருக்கிறது, ஆனால் கேள்வி நியாயமானது. பியானோ கற்றுக்கொள்பவர்களே மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் கேள்வி. பிரித்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கேட்கப்பட்டிருக்கின்றன. இந்தக் கருவியில் வாசிப்பவரின் கைக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? அந்த அதிகாரத்தை ரிக்டர் எதற்குப் பயன்படுத்தினார்?

நான் 30 வருடமாக பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு கச்சேரிகளில் பக்கம் புரட்டும் வேலையும் நிறையச் செய்திருக்கிறேன். வாசிப்பவரின் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் லேசாகத் தலையசைத்ததும் எழுந்து ஸ்கோரின், அதாவது இசைக் குறிப்புப் புத்தகத்தின், தாளைத் திருப்ப வேண்டும். பேர் வராத வேலை, ஆனால் அரங்கிலேயே மிக நல்ல இடம் அதுதான். தனிக் கச்சேரி கொடுத்துப் பிழைத்தவன் அல்ல நான். ரிக்டரை நேரில் கேட்டதும் கிடையாது, பதிவுகளில் மட்டும்தான். இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கருவி. இந்த விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றும் சுமார் 10 மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும், இறக்க 50 கிராம் எடை போதும். சுத்தியல் கம்பியைத் தொட இன்னும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருக்கும்போதே கட்டைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. மிச்சத் தூரத்தை அது எறிந்த கல் போலத் தானாகவே கடக்கிறது. அப்படி அறுந்து விலகாவிட்டால் சுத்தியல் கம்பியிலேயே ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும். ஆக, அடித்த பிறகு அந்தச் சுரத்தை எதுவும் செய்ய முடியாது. கமகம் கிடையாது, நடுக்கம் கொடுக்க முடியாது, பெருக்கவும் முடியாது. பிறந்த கணத்திலிருந்து தேய ஆரம்பிக்கும், தேய்ந்துகொண்டேதான் போகும். ஒரே ஒரு சுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், சுத்தியல் எந்த வேகத்தில் கம்பியை அடைகிறது என்பதுதான் கிட்டத்தட்ட முழுக் கதையும். மேதை அழுத்தினாலும், பென்சிலின் பின்பக்கத்தால் அதே வேகத்தில் அழுத்தினாலும், சுத்தியலுக்கு வித்தியாசம் தெரியாது.

"கிட்டத்தட்ட" என்று சொன்னேன், அங்கேதான் நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. தொடும் விதத்தால் நாதமே மாறும் என்று பெரும்பாலான பியானோ ஆசிரியர்கள் நம்புகிறார்கள். இயற்பியல் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: விரலை உயரத் தூக்கி அடித்தால், விரல் கட்டையில் மோதும் 'டக்' என்ற சத்தமும், கட்டை அடித்தளத்தில் இடிக்கும் சத்தமும் சுரத்தோடு கலக்கின்றன. கட்டையோடு ஒட்டியிருந்து அழுத்தினால் முதல் 'டக்' இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நன்றாகக் கேட்கும். இருபதாவது வரிசைக்குப் போகிறதா என்பது விவாதத்துக்குரியது. நான் இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கிறேன். மாணவர்களிடம் "கட்டையைத் தடவு, அடிக்காதே" என்று சொல்வேன், ஏனென்றால் அப்படிச் சொன்னால் நன்றாக வாசிக்கிறார்கள். அந்த அறிவுரை பலிப்பதற்கு நான் நினைக்கும் காரணம்தான் உண்மைக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் ஒற்றைச் சுரத்தை யாரும் கச்சேரி என்று கேட்கப் போவதில்லை. இரண்டாவது சுரம் வந்ததுமே விளையாட்டு மாறிவிடுகிறது. ஒரு சுரம் தேய்ந்துகொண்டிருக்கிறது, அடுத்ததை வாசிக்க வேண்டும். முதல் சுரம் பிறந்தபோது இருந்த பலத்திலேயே இரண்டாவதை அடித்தால் இரண்டும் தனித்தனிக் கொட்டுகளாகக் கேட்கும். முதல் சுரம் இப்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவிலிருந்து இரண்டாவதைத் தொடங்கினால், காது ஏமாந்து, ஒரே குரல் சுரம் விட்டுச் சுரம் நகர்வதாக நம்பிவிடும். 'பியானோ பாடுகிறது' என்று சொல்வது இந்த ஏமாற்று வேலையைத்தான். கீழ்ச்சுரங்கள் நின்று ஒலிக்கும், மேல்சுரங்கள் சீக்கிரம் செத்துவிடும், அதனால் கணக்கு ஒவ்வொரு இடத்திலும் வேறு. ஒவ்வொரு பியானோவிலும் வேறு. இதை விரலால் கணக்கிட முடியாது, தேய்வதைக் காதால் பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். என் மாணவர்களில் வேகமாக வாசிப்பவர்கள் பலர் உண்டு. அடித்து முடித்த சுரத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிலர்தான்.

சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட உருப்படி. பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதி எல்லோருக்கும் தெரியும், ஆரம்ப மாணவர்களே தடவிப் பார்ப்பார்கள். வலது கையின் சுண்டுவிரல் மேலே பாட்டைப் பிடித்திருக்கும், அதே கையின் மற்ற விரல்கள் மூன்று மூன்றாக ஓடும் துணைச் சுரங்களை வாசிக்கும். ஐந்து விரலில் பலம் குறைந்ததற்குப் பாட்டு, பலசாலியான கட்டைவிரலுக்கு முணுமுணுப்பு. இயல்பாக விட்டால் கட்டைவிரல் பாட்டை மிதித்துவிடும். ஒரே கைக்குள் சுண்டுவிரலுக்கு ஒரு பலம், மற்றவற்றுக்கு வேறொரு பலம் என்று பிரிப்பதற்கே எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பாட்டுச் சுரத்தைச் சற்று பலமாக அழுத்தும்போது அதன் சுத்தியல் வேகமாகப் பறந்து, மற்ற சுரங்களைவிட 20, 30 மில்லி வினாடி முன்னாலேயே கம்பியைத் தொட்டுவிடுகிறது. கேட்பவருக்கு 'முந்தி வந்தது' என்று தெரியாது, பாட்டு தெளிவாக இருக்கிறது என்றுதான் தோன்றும். சுரங்களை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே பலத்தில், துல்லியமாக ஒரே நேரத்தில் ஒலிக்க விட்டுப் பாருங்கள். தட்டச்சு செய்த காதல் கடிதம் மாதிரி இருக்கும்.

பெடலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிக் கதைதான். வலது பெடலை மிதித்தால் கம்பிகளின் மேல் இருக்கும் கம்பளித் திண்டுகள் எழும்பும், எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ஒலிக்க விடுதலை. மிதிப்பது, விடுவது என்று இரண்டு நிலைதான் என்று வெளியில் நினைப்பார்கள். ஒரு முறை பக்கம் புரட்ட உட்கார்ந்திருந்தபோது, மெதுவான ஒரு பகுதியில் வாசிப்பவரின் வலது காலைப் பார்த்தேன். ஷூவின் முனை நிற்கவே இல்லை. ஊசி நுழையும் அளவுக்குப் பெடல் எழுவதும் இறங்குவதுமாக, இலை அசைவது போல நடுங்கிக்கொண்டிருந்தது. திண்டுகள் கம்பியைத் தொட்டும் தொடாமலும் உரச, பழைய ஒலியில் கொஞ்சம் கரைந்து கொஞ்சம் நின்றது. அன்று மத்தியானம் அவரே டியூனரை (பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை) உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசைவரை நடந்து போய்க் கேட்டார். திரும்பி வந்து, "இங்கே எதிரொலி அதிகம், சாயங்காலம் ஆள் நிறைந்தால் குறைந்துவிடும்" என்றார். மனித உடம்பும் துணியும் ஒலியைக் குடிக்கும். காலி அரங்கில் போட்ட பெடல் கணக்கு நிறைந்த அரங்கில் செல்லாது என்று அவருக்குத் தெரியும். வயலின்காரர் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு போவார். பியானோ கலைஞர் ஒவ்வொரு ஊரிலும் முன்பின் தெரியாத கருவியோடு சில மணி நேரத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி வேகம். வேகம் அவசியமே இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். ரிக்டருக்கு அது கொட்டிக் கிடந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் புரகோஃபியேவின் ஏழாவது சொனாட்டாவை 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேற்றியவர் அவர்தான். நான்கே நாளில் மனப்பாடம் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் கடைசிப் பகுதி ஏழு எண்ணிக்கையில், மூச்சுவிட இடமில்லாமல், இரும்பைத் தட்டுவது போல ஓடும். ஸ்டாலின்கிராட் போர் முடியாத மாதம் அது. ஆனால் நான் உங்களுக்குக் கேட்கச் சொல்வது அதை இல்லை. ஷூபர்ட் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1828 செப்டம்பரில் முடித்த பி ஃபிளாட் சொனாட்டா, டி 960 (அது ஷூபர்ட் படைப்புகளின் பட்டியல் எண்). முதல் பகுதியில், திரும்ப வாசிக்கும்படி எழுதியிருக்கும் இடத்தைத் திரும்ப வாசித்தாலும் பெரும்பாலானவர்கள் 20 நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுவார்கள். ரிக்டர் 24 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். 'மிதமான வேகம்' என்றுதான் ஷூபர்ட் குறித்திருக்கிறார், ரிக்டரிடம் அது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மற்றவர்கள் அந்த வேகத்தில் வாசித்தால் நாலாவது வரியில் பாட்டு உதிர்ந்து போகும். தேயும் சுரங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற வேலை, இடைவெளி கூடக் கூடக் கடினமாகும். அந்த மெதுவில் 24 நிமிடம் இழை அறாமல் கொண்டுபோவது புரகோஃபியேவின் ஓட்டத்தைவிட அரிய வித்தை என்பது என் கணிப்பு. பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், ஷூபர்ட் இதைக் கேட்டால் தூங்கிவிடுவார் என்பார்கள். அது ரசனைச் சண்டை, தீராது.

இவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கமான பாதை இல்லை. 1915இல் இன்றைய உக்ரைனின் ஷிதோமிரில் பிறந்து ஒடெஸாவில் வளர்ந்தவர். அப்பா ஜெர்மன் வம்சாவளி, ஆர்கன் வாசிப்பவர். ஆனால் பையன் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டான், கையில் கிடைத்த ஓபரா ஸ்கோர்களை எல்லாம் பியானோவில் வாசித்துப் பார்த்து. பதின்ம வயதில் ஒடெஸா ஓபராவில் பாடகர்களுக்கு ஒத்திகை வாசிக்கும் வேலை. ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை இரண்டு கையில் சுருக்கி வாசிப்பவன், பியானோவைப் பியானோவாகக் கேட்க மாட்டான், உள்ளே செல்லோவும் கொம்பும் கேட்கும். அவருடைய நாதத்தின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் ஊகம். 1937இல், 22 வயதில், மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஆசிரியர் ஹைன்ரிக் நெய்காஸிடம் போய் நின்றார். மற்றவர்கள் சர்வதேசப் பரிசு வாங்கும் வயது அது. அரசியல் பாடங்களுக்குப் போகாததால் வெளியேற்றப்பட்டு, நெய்காஸ் தலையிட்டு மீண்டும் சேர்ந்தார். 1941இல் ஒடெஸாவில் அப்பாவை ஒற்றர் என்று குற்றம்சாட்டிச் சோவியத் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அம்மா போரின்போது ஜெர்மனிக்குப் போய்விட, மகன் அவரை மறுபடி பார்த்தது 1960இல்தான். அதே வருடம் அக்டோபர் 15 அன்று சிகாகோவில் பிராம்ஸின் இரண்டாவது கன்சர்ட்டோவோடு (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) அமெரிக்காவில் முதல் கச்சேரி. அதற்குள் அவருக்கு வயது 45.

தொழில் என்று பார்த்தால், இந்த வாழ்க்கை வெளியில் தெரிவதுபோல இல்லை. மேடையில் இருப்பது இரண்டு மணி நேரம், மீதி நேரம் விமானம், ஓட்டல் அறை, சூடு ஏறாத விரல்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் இரண்டு மூன்று வருடம் முன்பே தேதியும் உருப்படியும் முடிவு செய்துவிடும். அந்த நாள் வரும்போது உங்களுக்கு அந்த உருப்படி அலுத்துப் போயிருந்தாலும் வாசித்தாக வேண்டும். உள்ளே நுழையப் பெரும்பாலோர்க்குப் போட்டிகள்தான் வாசல், அந்த வாசலும் கோணல். வார்சாவின் ஷோபின் போட்டியில் 1955இல் சோவியத் இளைஞர் அஷ்கெனாஸிக்கு இரண்டாம் பரிசு கொடுத்ததை எதிர்த்து நடுவர் மிக்கெலாஞ்சலி வெளியேறினார். 1980இல் பொகொரெலிச் என்ற போட்டியாளரைக் கடைசிச் சுற்றுக்கு விடாததால் நடுவர் மார்த்தா ஆர்கெரிச் வெளிநடப்பு செய்தார், தோற்ற பொகொரெலிச் அந்தத் தோல்வியாலேயே உலகப் புகழ் பெற்றார்.

மேடைப் பயம் தேர்ந்தவர்களுக்கு இருக்காது என்பதும் பொய். புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் 1953 முதல் 12 வருடம் மேடை ஏறவே இல்லை. 1965 மே 9 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் திரும்பி வந்தபோது தொடக்கத்திலேயே தப்புச் சுரம் விழுந்தது. பதிவில் இன்றும் கேட்கலாம், யாரும் அதற்காக அந்தப் பதிவைத் தூக்கிப் போடவில்லை. இன்னும் கொடியது உடம்பு துரோகம் செய்வது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில், உச்சத்தில் இருந்தபோது, வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தாமாகவே மடங்கிக்கொண்டன. தசையில் கோளாறு இல்லை, அளவுக்கு மீறிப் பழகிய அசைவுகளை மூளை பிரித்தறியத் தவறுகிற நோய். அதன் பிறகு முப்பது வருடம் போல இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையையே வாசித்து, பாடம் சொல்லிக்கொடுத்து, பிறகு ஊசி மருந்தின் உதவியால் இரண்டு கைக்கும் திரும்பினார். பல மணி நேரம் சாதகம் செய்வதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இவர் கதையைத்தான்.

ரிக்டர் இந்தச் சந்தைக்குள் இருந்துகொண்டே அதற்கு முதுகைக் காட்டியவர். சுமார் 80 கச்சேரிகளுக்கான உருப்படிகள் கையில் இருப்பதாகச் சொன்னார். ஆனால் பீத்தோவனின் நாலாவது, ஐந்தாவது கன்சர்ட்டோக்களையும் 'வால்ட்ஸ்டைன்' சொனாட்டாவையும் வாசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் முடித்துக் கணக்குக் காட்டும் ஆசை அவருக்கு இல்லை. 1964இல் பிரான்சில் தூர் நகருக்குப் பக்கத்தில் ஒரு பழைய தானியக் களஞ்சியத்தில் இசை விழா தொடங்கினார். 1986இல், 71 வயதில், சைபீரியா வழியாகக் காரில் போய், வழியில் இருந்த சிற்றூர்களில் எல்லாம் வாசித்தார். பெரிய அரங்கில் கைதட்டல் வாங்க வேண்டிய கட்டாயம் அவருக்கு என்றைக்கோ தீர்ந்துவிட்டது.

1980 வாக்கில் மனப்பாடமாக வாசிப்பதையே நிறுத்திவிட்டார். அரங்கு முழுக்க இருட்டு, ஸ்கோரின் மேல் மட்டும் ஒரு சிறு விளக்கு, பக்கத்தில் தாள் திருப்ப ஒருவர். மக்கள் விரலையும் முகத்தையும் வேடிக்கை பார்க்காமல் கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம். இசையமைப்பாளர் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் மதிக்க வேண்டும், நினைவு அதில் பலவற்றை விழுங்கிவிடும் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னை வாட்டும். எந்தச் சுரத்தையும் கேட்டதும் பெயர் சொல்லும் காது அவருக்கு. வயதாக ஆக அந்தக் காது பிசகி, வாசிப்பது ஒரு சுருதியிலும் கேட்பது அதைவிட மேலேயுமாக ஆகிவிட்டது. கண் ஒரு சுரத்தைப் பார்க்கிறது, விரல் அதையே அழுத்துகிறது, காது வேறொன்றைச் சொல்கிறது. அந்த நிலையிலும் 1995 வரை கச்சேரி செய்தார், 1997இல் மறைந்தார்.

அவரைப் பற்றி உலவும் கதைகளில் சலித்து எடுக்க வேண்டியவை உண்டு. 1958 சைக்கோவ்ஸ்கி போட்டியில் நடுவராக இருந்து, அதில் வென்ற அமெரிக்கர் வான் கிளைபர்னுக்கு முழு மதிப்பெண்ணும் மற்றவர்களுக்குப் பூஜ்யமும் போட்டார் என்பார்கள். யாருக்கு எத்தனை என்ற விவரம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சாதகம் செய்வதில்லை என்று அவரே சொன்னார். கச்சேரி முடிந்து அதே இரவில் விடிய விடிய வாசித்ததைப் பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். இதில் என் ஓட்டு, பார்த்தவர்களுக்குத்தான்.

உங்கள் சந்தேகத்தை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். டி 960இன் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் ரிக்டரிடமும் வேறு இரண்டு பேரிடமும் கேளுங்கள். அமைதியான ஒரு பாட்டு வரும். அது முதல் தடவை ஓயும் இடத்தில், கீழே ஆழத்தில், தூரத்து இடி போல ஒரு சுரம் நடுங்கிவிட்டு அடங்கும், அதன் பின் மௌனம். மூவரும் அழுத்துவது அதே கட்டைகளைத்தான். நடுக்கம் எங்கிருந்து தொடங்குகிறது, மௌனம் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்குப் பிறகு பாட்டு திரும்பும்போது முன்பிருந்த அதே பாட்டாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள், அந்த நடுக்கம் சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள்.